இன்சுலின் போடும் பூனைக்குச் சர்க்கரை கட்டுப்படாதபோது: அறிகுறிவாரியாகப் பார்க்கும் வழிமுறை

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று உறுதியாகி, காலையும் மாலையும் இன்சுலின் போடத் தொடங்கிய வீடுகளில் முதல் சில மாதங்கள் எண்களோடு மல்லாடுவதிலேயே கழிந்துவிடுகின்றன. எங்கள் செவலைக்குப் பதினொரு வயதில், ஆறு கிலோவைத் தாண்டிய உடம்போடு, இந்த நோய் வந்தது. கருத்தடை செய்யப்பட்ட, நடுவயதைக் கடந்த, பருத்த ஆண் பூனைகளுக்கே இது அதிகம் வருகிறது என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். அன்று முதல் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களும், ஒவ்வொரு முறையும் அவற்றைப் புரட்டிப் பார்த்து எங்கள் கால்நடை மருத்துவர் கேட்ட கேள்விகளும்தான் இந்த வழிமுறைக்கு அடிப்படை.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஊசிக்கு முன் எடுக்கும் எண் பாதிச் செய்திதான். ஊசி போட்ட பிறகு சர்க்கரை எதுவரை இறங்கியது என்பதே மறுபாதி. அந்த அடிமட்டம் தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். சர்க்கரை கூடுதலாக இருந்தால் பூனை சில நாள் தாங்கும். மிகவும் குறைந்துவிட்டால் சில மணி நேரம்கூடத் தாங்காது.

இங்கே வரும் எண்கள் எல்லாம் மில்லிகிராம்/டெசிலிட்டர் கணக்கில் உள்ளவை. வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகளில் மில்லிமோல் கணக்கில் இருந்தால் அதை 18ஆல் பெருக்கிக்கொள்ளலாம். நலமான பூனைக்கு ஏறத்தாழ 70 முதல் 150 வரை இருக்கும். சுமார் 250ஐத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை வழியத் தொடங்கும்; தாகமும் பெருத்த சிறுநீரும் அதனால்தான். இன்சுலின் போடும் பூனைக்கு நாள் முழுவதும் இயல்பான எண்ணைப் பிடித்து வைப்பது நோக்கமல்ல. அடிமட்டம் 80க்கும் 150க்கும் இடையில் வர வேண்டும், நாளின் பெரும்பகுதி 300க்குக் கீழே இருக்க வேண்டும், பூனை தன் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்ப வேண்டும், இவ்வளவு போதும்.

தள்ளாடுகிறது, வெறித்துப் பார்க்கிறது, உடம்பு வெட்டி இழுக்கிறது

இதைப் படிக்கும்போதே உங்கள் பூனை இந்த நிலையில் இருந்தால் மற்றப் பகுதிகளைப் பிறகு படியுங்கள். இது சர்க்கரை மிகவும் குறைந்துபோன நிலை. திடீரென்று அடங்காத பசி, நடையில் தடுமாற்றம், மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளுதல், கூப்பிட்டால் திரும்பாமை, முகத்தசைத் துடிப்பு என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். எல்லாப் பூனைக்கும் எல்லா அறிகுறிகளும் வருவதில்லை. சில பூனைகள் வெறுமனே மந்தமாகப் படுத்திருக்கும்.

மீட்டரைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். பூனை விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு வைக்க வேண்டும். வழக்கமாக நாம் தவிர்க்கும் மாவுச்சத்து மிகுந்த உலர் தீனியானாலும் இப்போது கொடுக்கலாம். சாப்பிட மறுத்தாலோ தள்ளாட்டம் அதிகமாக இருந்தாலோ, தேனையோ தண்ணீரில் கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸ் பொடியையோ விரல் நுனியில் எடுத்து ஈறுகளில் தடவ வேண்டும். வலிப்பில் இருக்கும் பூனையின் பற்களுக்கிடையே விரலை விடக் கூடாது, வாயில் நீரை ஊற்றவும் கூடாது. உதட்டைச் சற்று விலக்கி வெளிப்பக்க ஈறில் தடவினால் போதும். தடவிவிட்டு, நினைவு தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். தேனின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும், ஆனால் உடம்பில் இருக்கும் இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். ‘தேறிவிட்டது’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி விழுந்த பூனைகள் உண்டு.

அறிகுறி ஏதும் இல்லாமல் எண் மட்டும் குறைவாக வந்தால் (மனிதர்களுக்கான மீட்டரில் ஏறத்தாழ 50க்குக் கீழ், பூனைக்கென அளவு திருத்திய மீட்டரில் 65க்குக் கீழ்) உணவு கொடுத்து, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, ஏறுகிறது என்று உறுதியாகும் வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த ஊசியை மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது. அளவு குறைக்கப்பட வேண்டியிருக்கும்.

இந்த நிலைக்குக் காரணம் தேடும்போது நான் முதலில் கேட்பது சிரிஞ்சைப் பற்றித்தான். நம் நாட்டு மருந்துக்கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட இன்சுலின் குப்பிகளும், 100 அலகு கொண்டவையும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40க்கு உரியது, ஆரஞ்சு மூடி 100க்கு உரியது. பூனைகளுக்குப் பரவலாக எழுதித் தரப்படும் கிளார்ஜின், அதாவது லான்டஸ், பேசலாக் போன்ற பெயர்களில் கிடைப்பது, 100 அலகுச் செறிவில் வருவது. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ‘2’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 அலகு. மாறாக, 40 அலகுச் செறிவுள்ள கேனின்சுலினை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இரண்டு என்று இழுத்தால் போவது 0.8 அலகுதான். எங்களுக்கும் ஒரு முறை கடையில் ஆரஞ்சு தீர்ந்துவிட்டதால் ‘இரண்டும் ஒன்றுதான் சார்’ என்று சிவப்பு மூடிப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பழைய சிரிஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது கோடுகளின் இடைவெளி வேறாக இருந்ததால் கண்டுபிடித்தேன். கடைக்காரரின் சொல்லை நம்பாமல் சிரிஞ்சின் உடலில் அச்சிட்டிருக்கும் செறிவைப் படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மற்றக் காரணங்கள்: வீட்டில் இருவர் தனித்தனியே ஊசி போட்டுவிடுவது, சாப்பிடாத பூனைக்கு முழு அளவும் போடுவது, உலர் தீனியிலிருந்து மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாற்றிய பிறகும் பழைய அளவையே தொடர்வது. கடைசியாகச் சொன்னது நல்லெண்ணத்தில் நடப்பதாலேயே அதிகம் ஏமாற்றுகிறது. உணவை மாற்றும் வாரத்தில் தினமும் அளந்தே ஆக வேண்டும்.

எண் ஒன்று சொல்கிறது, பூனை வேறொன்று சொல்கிறது

மீட்டர் 480 காட்டுகிறது, பூனையோ நன்றாக விளையாடுகிறது, தண்ணீரும் அளவாகவே குடிக்கிறது என்றால் முதலில் மீட்டரைச் சந்தேகிக்கலாம். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி சரியாக மூடப்படாமல் ஈரக்காற்று புகுந்திருக்கலாம். கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். காலாவதித் தேதி கடந்திருக்கலாம். பூனையைப் பிடிக்கும் முன் விரலில் தேனோ உணவோ ஒட்டியிருந்து, அது இரத்தத் துளியில் கலந்திருக்கலாம். துளி போதாமல் இரண்டாவது முறை தொட்டிருக்கலாம். புதிய ஸ்ட்ரிப்பில் மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள்.

இரத்த சோகையுள்ள பூனையில் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மனித இரத்தத்தில் உள்ள சர்க்கரையில் ஏறத்தாழ 58 விழுக்காடு பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியிலும் 42 விழுக்காடு சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனையிலோ 93 விழுக்காடு பிளாஸ்மாவில், மீதி 7 விழுக்காடு மட்டுமே சிவப்பணுக்களில். மனித இரத்தத்துக்கென்று கணக்கிட்ட மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். ஆல்ஃபாட்ராக் போன்ற கால்நடை மீட்டர்கள் இதற்காகவே திருத்தப்பட்டவை. மனித மீட்டரைப் பயன்படுத்துவதில் தவறில்லை, நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரே மீட்டரில் தொடர்ந்து எடுக்க வேண்டும், எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஒரு மீட்டரின் எண்ணை இன்னொன்றின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது.

மருத்துவமனையில் எடுத்த எண் வீட்டில் எடுத்ததைவிட மிக அதிகமாக இருப்பது வேறு வகை. அச்சத்தில் பூனையின் சர்க்கரை 300ஐத் தாண்டி ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட இப்படி ஏறும். கூடைக்குள் அடைபட்டு, ஆட்டோவின் சத்தத்தில் அலறி, நாய்கள் குரைக்கும் வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருந்த பூனையின் எண்ணை வைத்து அளவைக் கூட்டச் சொன்னால், வீட்டு நோட்டைக் காட்டி மறுபடி யோசிக்கும்படி பணிவோடு கேட்கலாம். ஐயம் நீடித்தால் ஃப்ரக்டோசமின் என்ற இரத்தப் பரிசோதனை உதவும். அது கடந்த ஒன்று முதல் மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டுவதால் அன்றைய பதற்றம் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் அதுவும் சராசரியைத்தான் சொல்லும். இடையில் சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்று சொல்லாது.

ஊசிக்கு முன் எப்போது பார்த்தாலும் 300க்கு மேல்

அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இதுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியின் பயன் முடிந்துபோன வேளையில் நாம் அளக்கிறோம். எண் அப்போது ஏறியிருப்பது இயற்கை. அது 300 என்பதிலிருந்து மருந்து போதவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. ஒரு நாள் முழுவதும் அளந்து கோடு வரைந்து பார்க்க வேண்டும்: காலை உணவு, ஊசிக்கு முன் ஓர் அளவு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த ஊசி வரை. எண் 150க்குக் கீழே வந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று.

அளக்கும் விதம். காதின் வெளியோரத்தில் மெல்லிய நரம்பு ஒன்று ஓடும். நரம்புக்குள் குத்தத் தேவையில்லை, அதற்கும் காதின் ஓரத்துக்கும் இடைப்பட்ட மெல்லிய பட்டையில் குத்தினால் போதும். ஒரு பழைய சாக்ஸில் அரிசியைக் கட்டிச் சற்றுச் சூடாக்கி, நம் கன்னத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டு, காதில் அரை நிமிடம் ஒற்றினால் இரத்தம் தாராளமாக வரும். காதின் பின்புறம் பஞ்சை வைத்துப் பிடித்தால் நம் விரலில் குத்தாது. குத்தும் இடத்தில் வாசலினை மிக மெல்லிதாகப் பூசினால் துளி மயிரில் பரவாமல் முத்துப்போல் நிற்கும். குத்தியதும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தால், பத்து நாளில் பூனையே வந்து உட்காரும். செவலை மூன்றாம் வாரத்திலிருந்து மீட்டர்ப் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் சமையலறை வாசலுக்கு வந்துவிடும்.

எங்கள் நோட்டில் இருந்து ஒரு நாள், மனித மீட்டரில், ஒரு அலகு கிளார்ஜினோடு:

காலை 7 மணி 322. 9 மணி 268. 11 மணி 176. பகல் 1 மணி 109. 3 மணி 121. 5 மணி 214. இரவு 7 மணி 305.

அடிமட்டம் 109. ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. இங்கே அளவைக் கூட்டினால் அடிமட்டம்தான் இன்னும் கீழே போகும். ஏழு மணி எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நான் கட்டாயம் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் வற்புறுத்தியிருப்பேன். அவர் எதையும் மாற்றாமல் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். ஊசிக்கு முன் எண்கள் தாமாகவே 240ஐ ஒட்டி வந்தன. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையே கணையத்தின் செல்களை ஒடுக்கி வைத்திருக்கும். அது இறங்க இறங்க அவை ஓரளவு மீளும். கிளார்ஜின் தோலடியில் நுண்படிவமாகத் தங்கி மெதுவாகக் கரைவதாலும், ஒவ்வொரு அளவுமாற்றத்தின் முழுப்பலன் தெரியச் சில நாள் ஆகும். குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள் கடக்காமல் கூட்டக் கூடாது என்பதும், கூட்டினாலும் கால் அல்லது அரை அலகுக்கு மேல் கூடாது என்பதும் இதனால்தான். குறைக்க வேண்டியிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கோட்டின் வடிவம் வேறு மாதிரியும் வரலாம். ஊசி போட்ட நான்கு மணி நேரத்துக்குள் சரசரவென்று இறங்கி, எட்டு மணி நேரத்தில் மறுபடி 350க்கு ஏறினால் அந்த இன்சுலின் அந்தப் பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கவில்லை என்று பொருள். கேனின்சுலின் போன்ற நடுத்தர வகையில் இது சாதாரணம். அளவைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. நீண்ட நேரம் நிற்கும் வகைக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மிகவும் கீழே இறங்கி, பிறகு வழக்கத்தைவிட மேலே எகிறி அடுத்த நாள் முழுவதும் இறங்காமல் நிற்பது, உடம்பு தாழ்வை எதிர்த்துச் சர்க்கரையை ஏற்றுவதால் நிகழ்வது. சோமோஜி விளைவு என்று இதைச் சொல்வார்கள். கிளார்ஜின் போடும் பூனைகளில் இது அரிது என்றாலும், அளவைக் கூட்டக் கூட்டச் சர்க்கரையும் கூடிக்கொண்டே போனால் இதை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். காலை முதல் இரவு வரை 300க்கும் 400க்கும் இடையில் படுத்த கோடாக வந்தால்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் கோட்டை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். அதே பூனை, அதே அளவு, அதே உணவு என்றிருந்தும் இரண்டு நாள் கோடுகள் ஒத்துவருவதில்லை. முதுகிலோ தோளிலோ ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரியைப் பல மருத்துவர்கள் பூனைக்கும் பொருத்துகிறார்கள். பதினான்கு நாள் என்று எழுதியிருந்தாலும் பூனையில் அதற்கு முன்பே கழன்றுவிடுவது உண்டு. அது தோலடி நீரை அளப்பதால் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும்; பூனை அதன்மேல் அழுத்திப் படுத்தால் பொய்யான தாழ்வும் காட்டும். தாழ்வு காட்டும்போதெல்லாம் காதில் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். இந்தக் குறைகளுக்கு அப்பால், இரவில் நடப்பதைத் தூங்காமல் உட்கார்ந்து அளக்காமலே காட்டித் தருவது அது ஒன்றுதான்.

ஊசி போட்டும் எண் அசையவே இல்லை

முதலில் மருந்து. குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபனிப் பெட்டியை ஒட்டி வைத்து ஒரு முறை உறைந்துவிட்டால் உருகியபின் பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பயன் போயிருக்கும். குளிர்ப்பெட்டிக் கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குலுங்கிச் சூடேறும். நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைப்பது நல்லது. சித்திரை வெயிலில் நீண்ட மின்தடை ஏற்பட்ட நாளை நோட்டில் குறித்துவைத்தால், பிறகு எண்கள் ஏறும்போது காரணம் கைக்கு வரும். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் தூக்கி எறியுங்கள். வேறு எதனோடும் கலக்கவோ நீர்க்கவைக்கவோ கூடாது.

அடுத்தது ஊசி போடும் விதம். நூறு செறிவில் ஒரு அலகு என்பது 0.01 மில்லிலிட்டர், சிரிஞ்சுக்குள் நிற்கும் சிறிய காற்றுக்குமிழிகூட மருந்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். பிடரியிலேயே எப்போதும் போடுவதைவிட விலாவின் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டால் மருந்து சீராக ஏறும். ஊசி மடிப்பின் மறுபக்கம் வெளியே வந்து மருந்து மயிரில் வழிந்துவிடுவதும் நடக்கும். போட்டபின் அந்த இடத்தைத் தடவி முகர்ந்து பார்த்தால் ஈரமும் மருந்துக்கே உரிய நெடியும் தெரியும். அப்படி வழிந்தது என்று ஐயம் எழுந்தாலும் மறுமுறை போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேளை தவறினால் பெரிய கேடு ஒன்றும் இல்லை.

மூன்றாவது உணவு. பூனை முழுக்க முழுக்க இறைச்சியுண்ணி. மாவுச்சத்தை மனிதன்போல் விரைவாகக் கையாள அதன் கல்லீரல் அமைந்திருக்கவில்லை. நம் வீடுகளில் பூனை என்றாலே பால்சோறும் மீன்குழம்புச் சோறும்தான். எங்கள் வீட்டில் மூன்று வாரம் காரணமே தெரியாமல் பிற்பகல் எண்கள் எகிறின. கடைசியில் என் மாமியார்தான், “பாவம், நாலு வாய் பால்சோறுதான்டா போட்டேன், அதுகூடவா ஆகாது?” என்று கேட்டார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. எதைக் கொடுக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்று முதல் தோலும் எலும்பும் எடுத்த வேகவைத்த கோழித்துண்டுகளை ஒரு கிண்ணத்தில் அவருக்கென்று தனியே வைத்தோம்; கொடுக்கும் மகிழ்ச்சியும் போகவில்லை, நான்கு நாளில் எண்களும் இறங்கின. அது இடைத்தீனி மட்டும்தான். வெறும் கோழியையே முழு உணவாக்கினால் பூனைக்குக் கட்டாயம் தேவையான டாரின், கால்சியம் போன்றவை கிடைக்காமல் வேறு நோய் வரும். நாளின் உணவு, மாவுச்சத்துக் குறைந்த முழுமையான ஈர உணவாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பூனைக்கு வேறு கிண்ணம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இவை மூன்றும் சரி, ஆனாலும் கோடு படுத்தே கிடக்கிறது என்றால்தான் உடம்புக்குள் தேட வேண்டும். பல் ஈறு அழற்சி, சிறுநீர்ப்பாதைத் தொற்று, கணைய அழற்சி ஆகியவை இன்சுலினை எதிர்த்து நிற்கும். வாயைத் திறந்து பார்ப்பதும் சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதும் முதல் வேலைகள். சரும அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தால், நீண்டநாள் நிற்கும் வகையானால், அதன் தாக்கம் வாரக்கணக்கில் இருக்கும். சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கும்போதே பூனை எடை கூடுகிறது, தலை பருக்கிறது, தாடை நீள்கிறது, பாதங்கள் அகலமாகின்றன என்றால் பிட்யூட்டரிச் சுரப்பியில் வளர்ச்சி இயக்குநீர் மிகையாகச் சுரக்கிறதா என்று ஐஜிஎஃப்-1 என்ற இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிரிட்டனில் 1,221 சர்க்கரைநோய்ப் பூனைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. பல பூனைகளில் உருவ மாற்றம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கிறது

நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் இது. கட்டுப்பாடு வந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தேறும். தாவிக் குதிக்க முடியாது என்பதால் மணல்தட்டின் விளிம்பைத் தாழ்வாக்கிக் கொடுங்கள். திடீரென்று வந்த தள்ளாட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நாள்பட வருவது.

சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, எண்ணோ உயரத்தில்

இதுவும் காத்திருக்கக் கூடாத நிலை. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரித்து, அதனால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பை மணல்தட்டில் விழும் சிறுநீரில் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறும். பூனை கழிக்கும்போது நீளக்கைப்பிடிக் கரண்டியைப் பின்னால் நீட்டிப் பிடிப்பதுதான் எளிய வழி. கீட்டோன் இருந்து, கூடவே பசியின்மையோ வாந்தியோ சோர்வோ இருந்தால், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயில் நகப்பூச்சு அழிக்கும் நீர்போன்ற நெடி வந்தாலும் அப்படியே. வீட்டில் இன்சுலினைக் கூட்டி இதைச் சமாளிக்க முடியாது. நரம்பு வழியாக நீரும் பொட்டாசியமும் தேவைப்படும் நிலை அது.

ஒரு வேளை மட்டும் உணவைத் தொடவில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால் எண்ணை அளந்துவிட்டு, ஊசியைக் குறைப்பதா தவிர்ப்பதா என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்த விடையை நெருக்கடி வருவதற்கு முன்பே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைப்பது இன்னும் நல்லது.

ஊசி நேரத்தில் எண் 150, சில நாள் 110

பல மாதம் 300ஐயே பார்த்தவர்களுக்கு இது மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருசேரத் தருவது. ஊசிக்கு முன்பே இந்த எண் என்றால் வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. மீட்டரை ஒரு முறை சரிபார்த்து, உணவு கொடுக்காமல் அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, எண் ஏறுகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் மட்டும் இப்படி என்றால் முந்தைய ஊசியில் ஏதோ கூடுதலாகப் போயிருக்கலாம், அல்லது பூனை முந்தைய வேளை சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். தொடர்ந்து ஒரு வாரம் இப்படியே வந்தால், கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. நாயில் இது மிக அரிது; பூனையிலோ நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, கிளார்ஜினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் சேர்ந்து பிடித்தால், கணிசமான பூனைகள் இன்சுலின் இல்லாமலே இருக்கும் நிலைக்கு வருகின்றன.

வரும்போது அது படிப்படியாகத்தான் வரும். அளவை அரை, கால் அலகாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு சொட்டு என்ற நிலையில் நிறுத்துவார்கள். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் நாள்தோறும் சர்க்கரையே இல்லை என்று காட்டுவதும் இதற்கு ஓர் அறிகுறி. ஆனால் மிகைமருந்தினால் சர்க்கரை தாழ்ந்தே கிடந்தாலும் ஸ்ட்ரிப் அப்படியேதான் காட்டும் என்பதால் காதில் அளக்காமல் அதை மட்டும் நம்ப முடியாது.

செவலைக்கு ஏழாம் மாதத்தில் ஊசி நின்றது. இப்போது வாரம் ஒரு முறை காதில் அளக்கிறேன், மாதம் ஒரு முறை எடை எடுக்கிறேன், தண்ணீர்க் கிண்ணத்தில் கோடு போட்டுக் குறைவதைப் பார்க்கிறேன். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிலிட்டரைத் தாண்டினால் அன்றே அளக்க வேண்டும். ஊசி நின்ற பூனைக்கு நோய் மறுபடி திரும்ப வாய்ப்பு உண்டு; அதை எளிதில் திருப்பிக் கொண்டுவருபவை எடை கூடுவதும் ஸ்டீராய்டும்தான். ஆகவே தும்மலுக்கோ சொறிக்கோ எந்த மருத்துவரிடம் கூட்டிப்போனாலும், கூடையை மேசையில் வைத்ததும், “இதற்கு முன்பு சர்க்கரை இருந்தது, ஸ்டீராய்டு போடுவதாக இருந்தால் முதலில் சொல்லுங்கள் டாக்டர்” என்று சொல்லிவிடுகிறேன். கூடையின் மூடியிலும் அதையே ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், நான் ஊரில் இல்லாத நாளில் யார் தூக்கிப்போனாலும் தெரிய வேண்டும் என்று.